சொன்ன சொல்லைச் சட்டமாக்குவோம்



பன்னாட்டுச் சட்டத்தின் வழியே அணு ஆயுத ஒழிப்பு என்னும் பொருளை ஆராய, நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று நாம் அழைத்துவந்த இந்த ஸ்ரீ விஜயபுரத்தில் கூடியிருக்கிறோம். இதைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் வேறு இருக்க முடியாது. அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

1995 டிசம்பர் 15 அன்று தென்கிழக்கு ஆசிய நாடுகள் பத்தும் பாங்காக்கில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அணு ஆயுதத்தைச் செய்யமாட்டோம், வைத்திருக்கமாட்டோம், சோதிக்கமாட்டோம் என்பது அதன் சாரம். 1997இல் அது நடைமுறைக்கு வந்தது. அந்த மண்டலம் கரையோடு நின்றுவிடவில்லை. உறுப்பு நாடுகளின் தனிப் பொருளாதாரக் கடற்பகுதியும் கண்டத்திட்டும் அதற்குள் அடங்கும். நமக்கு வடக்கே மியான்மர், கிழக்கே தாய்லாந்து, இந்திரா முனைக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இந்தோனேசியாவின் சுமத்ரா. மூன்றுமே அந்த ஒப்பந்தத்தின் உறுப்பினர்கள். ஆக, இந்தியக் கடல் முடிகிற கோட்டிலேயே அணு ஆயுதமற்ற மண்டலம் தொடங்குகிறது. அந்த எல்லைக்கோட்டை எந்தப் போரும் வரையவில்லை. 1974 முதல் இந்தோனேசியாவோடும், 1978இல் தாய்லாந்தோடும், 1986இல் பர்மாவோடும் உட்கார்ந்து பேசி, ஒப்பந்தம் எழுதி வரைந்த கோடு அது.

இதே கடல் வேறொன்றையும் கண்டிருக்கிறது. 1971 டிசம்பரில், வங்கதேசப் போரின் கடைசி நாட்களில், அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பலான எண்டர்பிரைஸ் மலாக்கா நீரிணை வழியாக வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்த அதே டிசம்பர் 16 அன்று, இந்தியப் பெருங்கடலை அமைதி மண்டலமாக அறிவிக்கும் தீர்மானத்தை ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றியது. கொண்டுவந்தது சிறிமாவோ பண்டாரநாயக்காவின் இலங்கை. எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை. ஆனால் பெரிய வல்லரசுகள் பலவும் வாக்களிக்காமல் ஒதுங்கின. தீர்மானம் காகிதத்தில் தங்கிவிட்டது. யாரையும் கட்டுப்படுத்தாத சொல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதுவே சான்று.

அதே சிறிமாவோ 1964இல் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியோடு மலையகத் தமிழரின் குடியுரிமை குறித்துச் செய்த உடன்பாடோ கட்டுப்படுத்தும் உடன்பாடு. அதன் விளைவாகத் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்கள் நிக்கோபாரின் கச்சால் தீவிலுள்ள ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. அவர்களைக் கேட்டுச் செய்த உடன்பாடு அல்ல அது. அதன் நியாயத்தைப் பற்றி எனக்குக் கடுமையான கருத்து உண்டு. ஆனால் இரு அரசுகள் கையெழுத்திட்ட காகிதம் மனிதர் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் வலிமை உடையது என்பதை இத்தீவுகளில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். 1996 ஜூலை 8 அன்று ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வெளியிட்டது. அணு ஆயுதப் பயன்பாடு பொதுவாகப் போர்ச்சட்டத்துக்கு முரணானது, ஆனால் ஒரு நாட்டின் உயிர் ஊசலாடும் நிலையில் என்ன என்பதை உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றது. அந்தத் தயக்கத்தை ஏற்காத இலங்கை நீதிபதி கிறிஸ்டோபர் வீரமந்திரி, எந்தச் சூழலிலும் அது சட்டவிரோதமே என்று எழுதினார். பேரழிவு ஆயுதத்தைத் தடுக்கும் மரபு இராமாயணத்திலும் மகாபாரதத்திலும் இருப்பதை எடுத்துக்காட்டினார். புறநானூற்றின் ஒன்பதாம் பாடலை நாம் அதோடு சேர்க்கலாம். போருக்கு முன் பெண்டிரும் பிணியுடையோரும் அரண் தேடிக்கொள்ளட்டும் என்று அறிவிக்கும் அறம் அங்கே பேசப்படுகிறது. நகரையே சாம்பலாக்கும் குண்டுக்கு அப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரியாது.

ஹேக்கின் அந்த ஆலோசனை விசாரணையில் இந்தியா அணு ஆயுதப் பயன்பாடு சட்டவிரோதம் என்றே வாதிட்டது. 1998இல் நாமே அணு ஆயுத நாடானோம். 2014இல் மார்ஷல் தீவுகள் அதே நீதிமன்றத்தில் நம்மீது வழக்குத் தொடுத்தது. 1946 முதல் 1958 வரை 67 அமெரிக்கச் சோதனைகளைத் தாங்கிய நாடு அது. அதன் அப்போதைய வெளியுறவு அமைச்சர் டோனி டி புரும், ஒன்பது வயதில் தாத்தாவோடு மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது 1954 மார்ச் 1 பிக்கினி வெடிப்பில் வானம் சிவந்ததைக் கண்டவர். ஆயுதக் குறைப்புக்கு நல்லெண்ணத்தோடு பேச்சு நடத்தவில்லை என்பது அவர்கள் குற்றச்சாட்டு. 2016 அக்டோபர் 5 அன்று, இருதரப்புக்கும் இடையே தகராறே எழவில்லை என்று ஒன்பதுக்கு ஏழு என்ற வாக்கில் வழக்கு தள்ளுபடியானது. கேள்வியின் உள்ளே நீதிமன்றம் போகவேயில்லை. அந்தக் கேள்வி இன்னும் பதிலின்றி நிற்கிறது.

சட்டத்துக்குப் பல் ஏது என்று கேட்பவர்களுக்கு 1974 டிசம்பர் 20 தீர்ப்பை நினைவூட்டுகிறேன். பசிபிக் வானில் பிரான்ஸ் நடத்திய சோதனைகளுக்கு எதிராக ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வழக்குத் தொடுத்திருந்தன. இனி வான்வெளியில் சோதிக்கமாட்டோம் என்று பிரான்ஸ் பகிரங்கமாக அறிவித்தது. கட்டுப்படும் எண்ணத்தோடு ஓர் அரசு வெளிப்படையாகச் சொன்ன சொல், எதிர்த்தரப்பின் கையெழுத்து இல்லாமலே, அந்த அரசைச் சட்டப்படி பிணைக்கும் என்றது நீதிமன்றம்.

இக்கருத்தரங்கின் முன் நான் வைக்கும் வாதம் இதுதான். இந்தியா மூன்று சொற்களை உலகறியச் சொல்லியிருக்கிறது. 1998க்குப் பிறகு தானாகவே சோதனையை நிறுத்தியது. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று 2003இல் அணுக் கொள்கையாக அறிவித்தது. தென்கிழக்கு ஆசிய மண்டலத்தின் நிலையை மதிப்போம் என்றது. மூன்றும் கொள்கை அறிவிப்புகளாகவே இருக்கின்றன. நாளை ஓர் அமைச்சரவை மாற்றிவிடலாம். இவற்றைச் சட்டக் கடமையாக்கும் வழியை நாம் தேட வேண்டும்.

முப்படைகளுக்கும் பொதுவான தலைமையகம் 2001 முதல் இங்கே இருக்கிறது. எல்லையின் அருமை தெரிந்த இடம் இது. ஆகவே, சொன்ன சொல்லைச் சட்டமாக்கினால் பாதுகாப்பு குறைந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. நாம் ஏற்கெனவே கடைப்பிடிப்பதைத்தான் எழுதிக்கொடுக்கச் சொல்கிறேன். புதிதாக எதையும் விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. முதலில் பயன்படுத்தமாட்டோம் என்று சீனாவும் 1964 முதல் சொல்லிவருகிறது. இரு நாடுகளும் அதையே உடன்படிக்கையாக்கினால் ஆசியாவின் அச்சம் குறையும்.

அணு ஆயுதத் தடை ஒப்பந்தம் 2021 ஜனவரி 22 முதல் நடைமுறையில் உள்ளது. தாய்லாந்து, வங்கதேசம், மாலத்தீவு, இலங்கை, இந்தோனேசியா ஆகியவை அதில் சேர்ந்துவிட்டன. நம்மைச் சுற்றியுள்ள கடலோர நாடுகளில் பெரும்பாலானவை முடிவெடுத்துவிட்டன என்று பொருள்.

1962இல், எண்பது வயது கடந்த ராஜாஜி வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்தும்படி அதிபர் கென்னடியிடம் நேரில் வேண்டினார். அடுத்த ஆண்டே பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதற்குக் காரணங்கள் பல. ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்கவேண்டியவரிடம் கேட்கும் துணிவு தமிழகத்திலிருந்து புறப்பட்டது என்பது வரலாறு.

அறிஞர்களே, அமர்வுகள் முடியும்போது பாராட்டுரைகளோடு கலைந்துவிடாதீர்கள். பாங்காக் மண்டலத்தை மதிக்கும் இந்திய வாக்குறுதியைக் கட்டுப்படுத்தும் ஆவணமாக்க ஒரு வரைவை எழுதி, நாடாளுமன்றத்துக்கும் வெளியுறவு அமைச்சகத்துக்கும் அனுப்புங்கள். அந்த வேண்டுகோளோடு இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.