மாறிவரும் மாட்டுங்கா
(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பாட்டும் நாட்டியமும் கண்டு மகிழ வந்திருக்கும் உங்கள் முன், வீடு இடிக்கும் கதையைப் பேசுமாறு நிர்வாகக் குழுவினர் நம்மைப் பணித்துவிட்டனர். மங்கல நாளில் இது என்ன பேச்சு என்று சிலர் முகம் சுளிக்கவும் கூடும். ஆயினும், நம் சங்கத்தின் அறை அமைந்துள்ள கட்டடத்துக்கே பில்டர் ஒருவர் வந்து சம்மதப் பத்திரத்தை நீட்டியிருக்கும் இவ்வேளையில் வேறு எதைப் பேசுவது?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ‘பழைய மாட்டுங்கா’ என்று நாம் இன்று பெருமூச்சு விடும் இந்த இடம், ஒரு காலத்தில் புத்தம்புதிய மாட்டுங்காவாக இருந்தது. 1896ஆம் ஆண்டில் பம்பாயில் பிளேக் நோய் பரவிற்று. சந்துகளின் நெருக்கமும் காற்றோட்டமின்மையுமே நோய்க்கு இடந்தந்தன என்று கருதிய அன்றைய அரசினர், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஒன்றைச் சட்டத்தின் வாயிலாக நிறுவினர். தாதர், மாட்டுங்கா, வடாலாப் பகுதிகளில் வயலும் தோப்பும் சிற்றூருமாய்க் கிடந்த நிலங்களை அந்த டிரஸ்டு எடுத்துக்கொண்டது. அகன்ற சாலைகளையும் ஐந்து தோட்டங்களையும் கிங்ஸ் சர்க்கிளையும் வகுத்தது. அவ்வயல்களில் உழைத்தவர்க்கும் அது சொந்த ஊராகத்தான் இருந்திருக்கும். அவர்கள் விட்டுச்சென்ற மண்ணிலேதான் நம் முன்னோர் குடியேறினர்.

தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மாடியும், சுற்றிலும் சிறிது திறந்தவெளியும் என்று டிரஸ்டு வகுத்த ஒழுங்கிலே கட்டடங்கள் எழுந்தன. ரயில்வேயிலும் வங்கியிலும் கம்பெனிகளிலும் எழுத்தராய், கணக்கராய், சுருக்கெழுத்தராய் வேலைக்கு வந்த தென்னாட்டார் இங்கே வாடகைக்கு வந்தனர். வீட்டுக்குள்ளேயே கழிப்பிடமா என்று ஆசாரமுடைய குடும்பங்கள் தயங்கிய காலம் அது. நிகில் ராவ் என்னும் வரலாற்றாசிரியர் 2013இல் வெளியிட்ட ஆங்கில நூலில், மாட்டுங்காவின் இந்த அடுக்கு வீட்டு வாழ்க்கையை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். நம் இல்லங்களில் பெரியவர்கள் சொல்லிவந்தவை அச்சில் ஏறியிருப்பதைப் படிக்கும்போது வியப்பாகவே இருக்கிறது.

1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றிற்று. 1940இல் கபே மெட்ராஸும், 1942இல் ராம நாயக்கின் உடுப்பி உணவு விடுதியும் வந்தன. கோயிலும் பஜனைக் கூடமும் பூக்கடையும் காபிக்கொட்டை வறுக்கும் மணமுமாக ஊர் ஒன்று உருவாகிவிட்டது. மாடிப்படிகளுக்கும் இதிலே பெரும்பங்கு உண்டு. நவராத்திரியில் நம் பெண்மக்கள் ஒரே மாலையில் மூன்று மாடியும் ஏறி இறங்கி, ஒன்பது வீட்டுக் கொலுவைப் பார்த்து, ஒன்பது வீட்டுச் சுண்டலையும் வாங்கிவந்தனர். எவரும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகவில்லை. கதவுகள் திறந்தே இருந்தன. இன்று கோபுரம் போன்ற புதிய கட்டடங்களில், வாயிற்காவலர் மேலே தொலைபேசியில் கேட்டு, பெயரெழுதி, கையொப்பம் வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார். மஞ்சள் குங்குமத்துக்கு வந்த மாமி ஒருவர், பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதை நாமே கண்டோம். காவலர் மீது குற்றமில்லை. அவர் தம் வேலையைச் செய்தார்.

நல்ல கட்டடங்கள் ஏன் பாழாயின? 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், வாடகையை 1940ஆம் ஆண்டு அளவிலே நிறுத்திவைத்தது. அதனாலன்றோ எழுத்தர் குடும்பங்கள் நகரின் நடுவிலே வாழ முடிந்தது! ஆனால் அந்த வாடகையில் வீட்டுக்காரர் சுண்ணாம்புகூட அடிக்கமாட்டார். 1999ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரும், வாடகை ஆண்டுக்கு நூற்றுக்கு 4 வீதமே ஏறுகிறது. 1969இல் பழுதுபார்ப்பு வாரியம் ஏற்பட்டது; நம்மிடம் செஸ் வரி வாங்கி, முட்டுக்கொடுத்து, பூச்சுப் பூசியது. எண்பது தொண்ணூறு ஆண்டு மழையைத் தாங்கிய உத்திரத்துக்குப் பூச்சு எத்தனை நாள் காணும்? ஆடி மாதத்தில் கூரைக்காரை விழும் ஓசை கேட்டுத் துணுக்குற்று எழாத வீடு நம்மிடையே அருமை. மலிவான வாடகையில் நாம் மிச்சம் பிடித்தது, கட்டடத்தின் ஆயுளிலிருந்து பிடித்ததே என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பில்டருக்கு இதில் என்ன வருவாய் என்றால், எப்.எஸ்.ஐ. என்னும் கணக்கு. மனையின் பரப்பைப்போல் எத்தனை மடங்கு தளம் கட்டலாம் என்பதே அது. 2018 முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, செஸ் வரி கட்டும் பழைய கட்டடங்களைத் திரும்பக் கட்டினால் 3 மடங்கு கட்டலாம். அல்லது குடியிருப்போர்க்குத் தரவேண்டிய தளத்துடன் ஊக்கத் தளமும் சேர்த்து அதனினும் மிகுமாயின் அந்த அளவுக்குக் கட்டலாம். குடியிருப்பவர்க்குக் குறைந்தது 300 சதுர அடி சொந்தமாகக் கொடுத்து, மிஞ்சியதை விற்றுக்கொள்வர். ஆகவே மூன்று தளம் இருந்த இடத்தில் இருபதுக்கு மேலும் எழும்புகின்றன. ‘நிவாஸ்’ என்றும் ‘பவன்’ என்றும் இருந்த பெயர்கள் ‘ஹைட்ஸ்’ ஆகிவிட்டன.

இதை வெறுமனே பழிப்பதற்கும் நமக்கு மனம் வரவில்லை. நம் கட்டடத்து இரண்டாம் மாடியில் உள்ள பாட்டியம்மாள் முழங்கால் வலியால் கோயிலுக்கு வந்து நெடுநாள் ஆயிற்று. மின்தூக்கி வந்தால் அவர் மீண்டும் மார்கழி பஜனைக்கு வருவார். வொர்லியில் பி.டி.டி. சால்களில் 160 சதுர அடி அறையில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் 2025இல் 500 சதுர அடி வீட்டின் சாவியைப் பெற்றனர். அவர்களிடம் போய்ப் பழமையின் அழகைப் பேசுவது அழகாகுமா? நம் சண்முகானந்தா அரங்கையே பாருங்கள். 1963இல் திறந்தது, 1990இல் தீக்கிரையாயிற்று, 1998இல் மீண்டும் எழுந்தது. கட்டடம் புதிது, உள்ளே ஒலிக்கும் சங்கீதம் பழையதே.

ஆகவே நம் கவலை இடிப்பதைப்பற்றி அன்று. கையொப்பம் இடும் தாளில் எவை எழுதப்படாமல் போகின்றன என்பதைப்பற்றியே. சதுர அடிக்குச் சண்டையிடுகிறோம். மாதந்தோறும் கட்டவேண்டிய பராமரிப்புத் தொகையைக் கேட்க மறந்துவிடுகிறோம். இன்று சில நூறு ரூபாய் வாடகை கொடுக்கும் ஓய்வூதியக்காரர், மின்தூக்கிக்கும் காவலுக்கும் நீரேற்றும் விசைக்குமாகச் சில ஆயிரம் கொடுக்க நேரும். கொடுக்க இயலாதவர், கிடைத்த வீட்டை விற்றுவிட்டு டோம்பிவிலிக்கோ பத்லாபூருக்கோ போவார். வீடு கிடைத்தும் ஊரை இழந்தவர் அவர். இதற்கென ஒரு மூலதன நிதியைப் பில்டரிடமிருந்து எழுதி வாங்கலாம். வாங்கிய கட்டடங்கள் உண்டு. இடைக்கால வாடகையும் அப்படியே. நமக்குத் தெரிந்த ஒரு கட்டடத்தில் முதலாண்டு ஒழுங்காகக் கொடுத்தார்கள். பின்பு நின்றுவிட்டது. வேலையும் நின்றது. இருபத்தெட்டுக் குடும்பங்கள் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. வங்கி உத்தரவாதம் இல்லாமல் சாவியைக் கொடுத்ததே அவர்கள் செய்த பிழை. தெருவைப் பார்த்திருக்கும் பூக்கடைக்கும் மளிகைக்கும் தெருமுகத்திலேயே இடம் வேண்டும். பின்கட்டிலே கொண்டு வைத்தால் அக்கடை ஆறு மாதம் தாங்காது.

இனி நம் சங்க அறை. தரைத்தளத்தின் முன்னறை அது. நூலகமும் ஞாயிறு தமிழ் வகுப்பும் அங்கேதான் நடக்கின்றன. அலுவலகத்தில் ரசீதும் பதிவேடும் பார்த்தே பழகிய கண் ஆகையால், பழைய வாடகை ரசீதுகளை எடுத்துப் பார்த்தோம். ஒன்றிலேனும் சங்கத்தின் பெயர் இல்லை! அறையை எடுத்த முதற்செயலாளரின் சொந்தப் பெயரே இருக்கிறது. அவர் காலமாகி ஆண்டுகள் பல சென்றன. குடியிருப்போர் பட்டியலை வாரியம் ரசீதைப் பார்த்தே உறுதி செய்யும். நட்டுவைத்தவர் நல்லவர், அன்று எவர்க்கும் இது தோன்றவில்லை.

அவருடைய மகனார் பெங்களூரில் இருக்கிறார். எழுதினோம். அறை சங்கத்துக்கே உரியது, தமக்கு அதில் ஒன்றும் வேண்டா என்று உடனே பதில் எழுதினார். தந்தையின் கையெழுத்திலுள்ள முதற்கூட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல் ஒன்று மட்டும் கேட்டார். அனுப்பிவிட்டோம். ஆனால் கடிதம் போதாதென்று வழக்கறிஞர் கூறுகிறார். முத்திரைத்தாளில் உறுதிமொழிப் பத்திரம் வேண்டும். வீட்டுக்காரரின் ஒப்புதலும் வேண்டும். இவ்விரண்டும் கைக்கு வரும்வரை, நம் கட்டடத்தில் குடியிருக்கும் உறுப்பினர் எவரும் சம்மதப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டா என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறோம். சிலருக்கு அவசரம் இருப்பதை அறிவோம். காரை விழும் கூரையின்கீழ்க் குழந்தைகளை வைத்துக்கொண்டிருப்பவரிடம் ‘பொறுங்கள்’ என்று சொல்லுவது எளிதன்று. ஆகவே கால எல்லை ஒன்றும் வைத்துக்கொள்வோம்: பொங்கல் வரை. அதற்குள் பத்திரம் வராவிடில் அவரவர் விருப்பம்.

இதற்கிடையில் நூலகத்துப் புத்தகங்களைப் பெட்டியில் கட்டவேண்டியிருக்கிறது; மழையில் நனைந்த சுவரோரத்து அலமாரி ஏற்கெனவே செல்லரிக்கத் தொடங்கிவிட்டது. வருகிற ஞாயிறு காலை 9 மணிக்கு வேலை தொடங்கும். அட்டைப்பெட்டியும் சணற்கயிறும் வைத்திருப்பவர் கொண்டுவருக. பெட்டிகளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள இடமுள்ள அன்பர்கள், இக்கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.