குளிர்ப்பாலையில் நால்வர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘பயணமும் இலக்கியமும்’ என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். தமிழில் பயண நூல்களின் வரலாற்றை முறையாக எடுத்துரைக்கத் தக்க அறிஞர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் முன்னிலையில் நான் அதைச் செய்ய முற்படுவது அழகன்று. ஆகவே, நான் மேற்கொண்ட ஒரு பயணத்தையும், அதில் நான் செய்த ஒரு பிழையையும் உங்கள் முன் வைக்கிறேன்.

2017ஆம் ஆண்டு செப்டம்பர் மாத முதல் வாரம். கல்லூரி விடுதியில் ஒரே அறையில் தங்கிப் படித்த நாங்கள் நால்வர், ஐம்பதை நெருங்கும் வயதில், இமாசலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கை மோட்டார் சைக்கிளில் கடக்கப் புறப்பட்டோம். சிம்லாவில் வண்டிகளை வாடகைக்கு எடுத்து, சட்லெஜ் ஆற்றை ஒட்டிக் கின்னௌர் வழியாக ஸ்பிதியினுள் நுழைந்து, குன்சும் கணவாயைத் தாண்டி, சந்திரதால் ஏரிக்கரையில் ஓரிரவு தங்கி, ரோதாங் வழியாக மணாலியில் இறங்குவது எங்கள் திட்டம்.

திட்டத்தை வகுத்தவர் வங்கியில் பணிபுரியும் நண்பர். எங்களுள் வண்டி ஓட்டுவதில் வல்லவர் அவரே. நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடுபவர். உடல் உறுதியில் எங்கள் மூவரையும் விஞ்சியவர். அடுத்தவர் மருந்துக் கடை நடத்துபவர். மூன்றாமவர் கட்டடப் பொறியாளர். நான்காமவனாகிய நான் தமிழாசிரியன். வரிசையில் எப்போதும் கடைசியாக வருபவன்.

எனக்கு வாய்த்த வண்டி புல்லட். 1955ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் வளர்ந்த குலம் அது. தொடக்க காலத்தில் இந்தியப் படையின் எல்லைக் காவலுக்கென வாங்கப்பட்ட வண்டி. கடற்கரை ஊரில் பிறந்து மலையுச்சியில் புகழ் பெற்ற அந்த வண்டியின் மேல் அமர்ந்தபோது, ஊர்க்காரர் ஒருவரை அயலூரில் கண்ட மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

சட்லெஜ் ஆற்றோடு ஸ்பிதி ஆறு கலக்கும் காப் என்னும் இடத்தைத் தாண்டியதும் பசுமை அற்றுப்போகிறது. தென்மேற்குப் பருவக்காற்று தன் மழையைப் பீர்பஞ்சால் தொடரின் தென்சரிவிலேயே பெரும்பாலும் இறக்கிவிடுகிறது. அப்பாலுள்ள நிலத்துக்கு வந்து சேர்வது வறண்ட காற்று. மண்ணும் கல்லும் சரிந்த வெற்று மலைகள். ஆற்றோரத்தில் மட்டும் கையளவு பட்டாணி வயல்கள். சாலை என்பது பல இடங்களில் சரளைக் கற்களைப் பரப்பி வைத்த ஒரு தடமே. அங்கே இருக்கையில் அமர்ந்து ஓட்டினால் முதுகெலும்பு தாங்காது. கால்வைக்கும் கட்டைகளின் மேல் எழுந்து நின்று, கைப்பிடியை இறுகப் பற்றாமல், வண்டி தன் போக்கில் சிறிது ஆட இடங்கொடுத்து, இரண்டாம் கியரில் செல்ல வேண்டும். சரளையில் முன்பிரேக்கைத் தொட்டவன் விழுவான். நான் இரண்டு முறை தொட்டேன். இரண்டு முறையும் விழுந்தேன்.

தடத்தை ஊடறுத்துப் பாயும் பனிநீர் ஓடைகளை அப்பகுதியினர் ‘நாலா’ என்கின்றனர். காலையில் கணுக்காலளவு ஓடும் நாலா, வெயிலில் பனி உருகுவதால் பிற்பகலில் முழங்காலுக்கு மேல் ஏறிவிடும். எனவே விடியலில் புறப்பட வேண்டும். ஒருவர் நீரில் இறங்கி நடந்து ஆழமும் கல்லும் பார்த்த பின்னரே வண்டியை இறக்க வேண்டும். ஒவ்வொரு நாலாவிலும் முதலில் இறங்கி நடந்தவர் வங்கி நண்பரே. என் வண்டி நீரின் நடுவில் நின்றுபோன ஒருமுறை, மார்பளவு நனைந்து பின்னாலிருந்து தள்ளியவரும் அவரே.

நர்கண்டா, நாகோ என இரண்டு இரவுகள். மூன்றாம் நாள், 996ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற தாபோ மடாலயத்தின் மண்சுவர் ஓவியங்களைக் கண்டு, மாலையில் காசா நகரை அடைந்தோம். ஐந்து நாட்களில் ஏற வேண்டிய உயரத்தை மூன்றே நாட்களில் ஏறியிருந்தோம். விடுமுறை குறைவு என்பதே காரணம். 3,000 மீட்டருக்கு மேல் சென்றபின், இரவு தங்கும் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டலாகாது என்பது மருத்துவர் கூறும் விதி. நர்கண்டாவிலிருந்து நாகோவுக்கு நாங்கள் ஒரே பகலில் ஏறியது ஏறத்தாழ 900 மீட்டர்.

நான்காம் நாள் லாங்சா, ஹிக்கிம், கோமிக் என்னும் மேட்டுக் கிராமங்களுக்குச் சென்றோம். லாங்சாவின் மண்ணில் கடல்வாழ் உயிர்களின் கல்லான உடல்கள் கிடைக்கின்றன. அந்நிலம் ஒரு காலத்தில் டெத்திஸ் என்னும் கடலின் அடித்தளம். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்று இளங்கோவடிகள் கூறியதை வகுப்பறையில் எத்தனையோ ஆண்டுகள் சொல்லியிருக்கிறேன். நெய்தல் குறிஞ்சியாகி, குறிஞ்சி பாலையான நிலத்தில் அன்றுதான் நின்றேன். நம் பாலை வெயிலால் விளைவது. அந்தப் பாலை மழை மறைவாலும் குளிராலும் விளைந்தது. இதை நண்பர்களிடம் விரிவாக எடுத்துரைத்தேன். வங்கி நண்பர் மட்டும் ஒரு பாறையில் சாய்ந்து கண்களை மூடியிருந்தார். என் உரை அலுப்பூட்டியது போலும் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு காசாவில், விடுதியின் பின்சுவரோரம் அவர் வாந்தியெடுத்துக்கொண்டிருப்பதைக் கண்டேன். மூச்சு இரைத்தது, வறட்டிருமல் இருந்தது. “அவங்ககிட்ட சொல்லிடாதடா. தூங்கி எழுந்தா சரியாயிடும்” என்றார். நான் சரி என்றேன்.

நண்பர்களே, இந்த இடத்தை நான் விரைந்து கடக்க விரும்பவில்லை. எங்களுள் ஒருவர் மருந்துக் கடை நடத்துபவர் என்று கூறினேன். மலை நோயின் குறிகளை அவர் அறிவார். அவரிடம் ஒரு சொல் சொல்லியிருந்தால் மறுநாள் பயணம் நின்றிருக்கும். அதை நானும் அறிவேன். அறிந்தே சொல்லவில்லை. நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காத்தேன் என்று பின்னர் பலரிடம் கூறியிருக்கிறேன். அது முழு உண்மையன்று. எனக்குச் சந்திரதாலைக் காண வேண்டியிருந்தது. அடுத்த நாள் மாலை அந்த ஏரிக்கரையில் நின்று என்ன எழுதலாம் என்று குறிப்பேட்டில் முதல் வரியைக்கூட எழுதி வைத்திருந்தேன்.

ஐந்தாம் நாள் லோசர் கிராமத்தைத் தாண்டிக் கணவாயில் ஏறினோம். எப்போதும் முன்னே செல்பவர் அன்று எனக்கும் பின்னே வந்தார். ஏறத்தாழ 4,550 மீட்டர் உயரமுள்ள குன்சும் உச்சியை நாங்கள் மூவரும் அடைந்து வெகு நேரத்திற்குப் பின் வந்தவர், நிறுத்திய வண்டியிலிருந்து இறங்க இயலாமல் அதனோடு சாய்ந்து விழுந்தார். உதடுகள் நீலம் பாய்ந்திருந்தன. மருந்துக் கடை நண்பர் அவர் முதுகில் காதை வைத்துக் கேட்டார். “எப்போதிலிருந்து இருமல்?” என்று வினவினார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார், ஒன்றும் கூறவில்லை.

அவ்வுயரத்துக் காற்றிலும் ஆக்சிஜனின் விகிதம் கடற்கரையில் உள்ளதேதான். அழுத்தம் குறைவதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைப்பது ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்றுக் குறைவு. நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கினால் செய்யத்தக்கது உடனே கீழிறங்குவதும் ஆக்சிஜன் கொடுப்பதும். உடல் வலிமை இந்நோய்க்குத் தடையன்று. வலிமையுள்ளவன் விரைந்து ஏறுகிறான், நோயையும் மறைத்துக்கொள்கிறான். முன்னோக்கி இறங்கினால் பாதாலில் சில தேநீர்க் கூடாரங்களே உண்டு. பின்னோக்கி இறங்கினால் காசாவில் மருத்துவமனை உண்டு. மணாலியிலிருந்து காய்கறி ஏற்றி வந்த லாரி ஒன்று கணவாய்க் கோயிலை வலம் வந்துகொண்டிருந்தது. எங்கள் அரைகுறை இந்தியை முழுதும் கேட்பதற்கு முன்பே ஓட்டுநர் கதவைத் திறந்துவிட்டார். மருந்துக் கடை நண்பர் நோயாளியைத் தாங்கியபடி ஏறிக்கொண்டார். இரண்டு வண்டிகளைக் கோயிலருகே விட்டுவிட்டு, பொறியாளரும் நானும் லாரியைத் தொடர்ந்து இறங்கினோம்.

ஆக்சிஜன் கொடுத்த சில மணி நேரத்தில் அவர் உதடுகளின் நிறம் மீண்டது. ஏரிக்கரைக்குச் சென்று 4,300 மீட்டர் உயரத்தில் அன்றிரவு உறங்கியிருந்தால் என்னவாகியிருக்கும் என்று மருத்துவரிடம் கேட்டேன். அவர் விடை கூறாமல், மறுநாளே இன்னும் கீழே அழைத்துச் செல்லுங்கள் என்றார். விடை எனக்குப் புரிந்தது. மறுநாள் காலை மருந்துக் கடை நண்பர் அவரைக் காரில் கின்னௌர் வழியாக இறக்கிச் சென்றார். பொறியாளரும் நானும் வாடகை ஜீப்பில் கணவாய்க்குச் சென்றோம். வண்டிகள் விட்ட இடத்திலேயே நின்றன. கைப்பிடியில் தொங்கிய பையும் தலைக்கவசமும்கூட அப்படியே இருந்தன. மறுபக்கச் சரிவில் இறங்கினால் சந்திரதால். இருவரும் அத்திசையை நோக்கவில்லை. வண்டிகளைக் காசாவுக்குத் திருப்பினோம்.

பாலைத் திணையின் உரிப்பொருள் பிரிதல் என்று மாணவர்க்குக் கற்பிக்கிறேன். பாலைப் பாடல்களில் சுரத்தின் வெம்மை விரிவாகப் பேசப்படுவது நிலக்காட்சிக்காக அன்று. அவ்வழியே செல்லும் ஒருவருக்கு என்ன நேருமோ என்று ஓர் உள்ளம் பதைப்பதற்காக. அந்த உள்ளத்தை நீக்கிவிட்டால் எஞ்சுவது கல்லும் வெயிலுமே. லாங்சாவில் திணை இலக்கணம் பேசியபோது எனக்குப் பக்கத்தில் ஒருவர் துன்புற்றுக்கொண்டிருந்தார். நிலத்தைக் கண்டேன், அவரைக் காணவில்லை. பின்னர் கண்டபோதோ, கண்டதைச் சொல்லவில்லை. நம் பயணக் கட்டுரைகளில் உயரமும் தொலைவும் காட்சியும் நிறைந்திருக்க, உடன் வந்தவர் ‘நண்பர்’ என்ற ஒரு சொல்லாக மட்டும் நின்றுவிடுவதைக் காணும்போதெல்லாம், அந்தப் பிழையில் எனக்கும் பங்குண்டு என்று உணர்கிறேன். சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்தே பயணித்து, சேர்ந்தே எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ இன்றும் நம்மிடையே இருக்கிறது. துணை என்பது எழுத்தில் எவ்வாறு இடம்பெறலாம் என்று அறிய விரும்புவோர் அதை மீண்டும் படிக்கலாம்.

வங்கி நண்பர் இன்று நலமாக இருக்கிறார். இந்த உரையை எழுதியதும் முதலில் அவரிடமே படித்துக் காட்டினேன். “நான் கேட்டதால்தானேடா சொல்லாம இருந்த?” என்றார். இல்லை என்றேன். சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, “அந்த ஏரிக்கு எப்போ போகலாம்?” என்று கேட்டார். ஏழு நாட்களில் ஏறுவதாக இருந்தால் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.