முட்டை அட்டையில் பின்னக் கணக்கு



ஆறாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் பின்னங்கள் மூன்றாம் பருவத்தில் வருகின்றன. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் எங்கள் பகுதியில் பெற்றோர் வழிமறித்துக் கேட்பது இதைத்தான்: "மத்த கணக்கெல்லாம் நல்லாத்தாங்க போடறா. பின்னம்னு வந்தா மட்டும் நோட்டை மூடி வெச்சுடறா. என்னங்க பண்றது?" கணக்கு சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் அதற்குப் பதில் சொல்லவே இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள சிக்கல் இல்லை. 1978-இல் அமெரிக்காவில் நாடு தழுவிய தேர்வு ஒன்றில் 13 வயது மாணவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பதின்மூன்றில் பன்னிரண்டையும் எட்டில் ஏழையும் கூட்டினால் தோராயமாக எவ்வளவு வரும்? கொடுத்திருந்த விடைகள் 1, 2, 19, 21. இரண்டு பின்னங்களுமே ஒன்றை ஒட்டி நிற்பவை. ஆகவே விடை 2. அதைச் சரியாகச் சொன்னவர்கள் 24 விழுக்காட்டினர்தான். பாதிக்கும் மேற்பட்டோர் 19 என்றோ 21 என்றோ குறித்திருந்தார்கள். மேலே உள்ள எண்களைக் கூட்டினால் 19, கீழே உள்ளவற்றைக் கூட்டினால் 21. அந்தப் பிள்ளைகளுக்குக் கூட்டத் தெரிந்திருந்தது. கூட்டுகிற பொருள் எவ்வளவு பெரிது என்பதுதான் தெரியவில்லை.

நம் வகுப்பறையிலும் இதே கதைதான். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு என்று எழுதிவிடுவார்கள். நான்கை விட எட்டு பெரியது, அதனால் நான்கில் ஒன்றை விட எட்டில் ஒன்று பெரியது என்பார்கள். ஐந்து வருடம் முழு எண்களோடு பழகிய பிள்ளை, அங்கே கற்றதை இங்கேயும் நம்பிக்கையோடு கொண்டுவருகிறது. அதற்காகக் கோபித்துக்கொள்ளக் கூடாது. புதிய எண்களை அதன் கையில் கொடுத்துப் பழக விட வேண்டும்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் அந்தப் பழக்கம் கடைத்தெருவிலேயே கிடைத்தது. ரூபாய்க்குப் பதினாறு அணா. நாலணா என்றால் கால் ரூபாய், எட்டணா என்றால் அரை ரூபாய், ஓரணா என்றால் வீசம், அதாவது பதினாறில் ஒன்று. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நூறு பைசா கணக்கு வந்த பிறகும் கால் ரூபாய்க் காசு புழக்கத்தில் இருந்தது. 2011 ஜூன் இறுதியோடு அதுவும் செல்லாததாகிவிட்டது. இன்றைய பிள்ளை மிட்டாய் வாங்கப் போகும்போது அதன் கையில் காலும் இல்லை, முக்காலும் இல்லை. ஆகவே அந்த இடத்தை வீடும் பள்ளியும்தான் நிரப்ப வேண்டும்.

எங்கே தொடங்கலாம்? ஒரு காகிதப் பட்டையில் தொடங்குங்கள். ஒரு முறை மடித்தால் அரை, இன்னொரு முறை மடித்தால் கால், மூன்றாவது முறை மடித்தால் அரைக்கால். பாகம் கூடக் கூட ஒவ்வொரு பாகமும் சிறுத்துக்கொண்டே போவதைக் குழந்தை தன் விரலாலேயே அறியும். எட்டில் ஒன்று ஏன் சிறியது என்று அதற்குப் பிறகு விளக்க வேண்டியதே இல்லை. அந்தப் பட்டையைப் பிரித்து, ஒரு முனையில் பூச்சியம், மறுமுனையில் ஒன்று, மடிப்புக் கோடுகளில் கால், அரை, முக்கால் என்று எழுதச் சொல்லுங்கள். பின்னம் என்பது வெறும் துண்டு இல்லை, எண் வரிசையில் தனக்கென்று இடம் உள்ள ஓர் எண் என்பது அங்கே பிடிபடும்.

அடுத்து, 'எதில் பாதி?' என்று கேட்கப் பழக்குங்கள். பாதி மல்கோவாவும் பாதி நாட்டு மாம்பழமும் ஒரே அளவாக இருக்காது. இரண்டும் பாதிதான், முழுமை வேறு. முழுமை எது என்று முடிவு செய்யாமல் பின்னங்களைக் கூட்டவோ ஒப்பிடவோ கூடாது.

கூட்டலுக்கு நான் எடுத்துக்கொள்வது நாமக்கல் முட்டை வரும் அட்டையை. வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசை, மொத்தம் முப்பது குழி. முட்டைக்குப் பதிலாகப் புளியங்கொட்டை போட்டுக்கொள்ளலாம். ஒருநாள் ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி, வழக்கம்போல ஐந்தில் இரண்டு என்று எழுதி வந்தாள். அட்டையை அவள் முன்னால் வைத்தேன்.

"இதுல பாதி எத்தனை கண்ணு?"

"பதினஞ்சு, டீச்சர்."

"மூணுல ஒரு பங்கு?"

"பத்து."

"நீ எழுதியிருக்கிற அஞ்சுல ரெண்டு பங்கு எத்தனைன்னு பாரு."

ஐந்து வரிசையில் இரண்டைத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டு. சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பதினஞ்சோட பத்தைச் சேர்த்தா எப்படிங்க டீச்சர் கொறையும்?" என்று அவளே கேட்டாள். பதினைந்து கொட்டையும் பத்துக் கொட்டையும் போட்டுப் பார்த்தாள். இருபத்தைந்து. அட்டையைத் திருப்பி வைத்தால் ஐந்து ஐந்தாக ஆறு வரிசை, அதில் ஐந்து வரிசை நிரம்பியிருந்தது. "ஆறுல அஞ்சு!" என்றாள். பொதுப் பகுதி என்ற சொல்லை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

பெருக்கலும் வகுத்தலும் அதே அட்டையில் நடக்கும். மூன்றில் ஒன்றில் பாதி எவ்வளவு? பத்தில் பாதி ஐந்து, அதாவது ஆறில் ஒன்று. பெருக்கியும் விடை ஏன் சிறுத்தது என்பது கண்ணெதிரே தெரிகிறது. அரையை ஆறில் ஒன்றால் வகுத்தால்? பதினைந்துக்குள் எத்தனை ஐந்து என்று கேட்டால் போதும். மூன்று. தலைகீழாக்கிப் பெருக்கும் விதி பிற்பாடு வரும்போது, அது சரிதானா என்று சோதித்துப் பார்க்கக் குழந்தையிடம் ஒரு வழி இருக்கும்.

முப்பதில் கால் பங்கு எடுக்கப் போனால் ஏழரை வரும், முட்டையை உடைக்க வேண்டியிருக்கும். அப்போது, "காலுக்கும் மூன்றில் ஒன்றுக்கும் ஒத்துவர எத்தனை முட்டை வேண்டும்?" என்று கேளுங்கள். தேடித் தேடிப் பன்னிரண்டுக்கு வந்து சேர்வார்கள். மீச்சிறு பொது மடங்கை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

நம் முன்னோர் இந்த வழியில் வெகுதூரம் போயிருக்கிறார்கள். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் முந்திரி என்பது 320-இல் ஒரு பங்கு. மா இருபதில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. 320-ஐப் பதினாறாலும் வகுக்கலாம், இருபதாலும் வகுக்கலாம். ஆகவே வீசத்துக்கு 20 முந்திரி, மாவுக்கு 16 முந்திரி, காலுக்கு 80 முந்திரி. காலும் மாவும் சேர்ந்தால் 96 முந்திரி. முட்டை அட்டையில் நாம் செய்ததும் இதே கணக்குதான். இந்தத் திண்ணைப் பள்ளிக் கணக்கு நிலம் அளப்பதோடும் நெல் அளப்பதோடும் எப்படிப் பிணைந்திருந்தது என்பதை ஆய்வாளர் செந்தில் பாபு 2022-இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். ஆசிரியர்கள் தேடிப் படிக்க வேண்டிய நூல் அது.

ஆசிரிய நண்பர்களே, பாடத்தை முடிக்க வேண்டிய அவசரம் எனக்கும் தெரியும். ஆனாலும் குறுக்குப் பெருக்கலைக் கரும்பலகையில் எழுதுவதற்கு முன் சில வகுப்புகளை மடிப்பதற்கும் எண்ணுவதற்கும் ஒதுக்குங்கள். அங்கே செலவழித்த நேரம் விகிதத்திலும் சதவீதத்திலும் இயற்கணிதத்திலும் திரும்பக் கிடைக்கும்.

பெற்றோர்களே, பிள்ளை பின்னக் கணக்குப் போட உட்கார்ந்ததும், "விடை அரைக்கு மேல வருமா, கீழ வருமா? ஒன்றைத் தாண்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். வாயால் பதில் சொல்லிவிட்டுப் பேனாவை எடுக்கட்டும். கணக்குப் போட்டு வந்த விடை அந்த மதிப்போடு ஒத்துப்போகாவிட்டால், எங்கே தவறியது என்று பிள்ளையே திரும்பிப் பார்க்கும். அதற்கு டியூஷன் வேண்டாம், உங்களுக்குப் பெரிய கணக்கு தெரிந்திருக்கவும் வேண்டாம்.