தேநீர் மாந்தர்



தேநீருக்கென்றே தம் வாழ்நாளை ஒப்புக்கொடுத்தவர்களைச் சீனர் 'சா ரென்' என்பர். அதே எழுத்துக்களை யப்பானியர் 'சாஜின்' என வாசிப்பர். தமிழிலே 'தேநீர் மாந்தர்' எனலாம். இலையின் குணம், நீரின் தன்மை, நெருப்பின் அளவு, கிண்ணத்தின் வடிவம் ஆகியவற்றை ஆண்டுக்கணக்கிற் பயின்று, அதனையே வாழ்க்கை நெறியாகக் கொண்டவர்கள் அந்நாடுகளில் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பானத்துக்கு ஒரு வாழ்நாளா என்று என் மாணவர் சிலர் கேட்டதுண்டு. காலையில் 'தேத்தண்ணி' இல்லாமல் அசையாத நம் வீடுகளிலிருந்து இக்கேள்வி வருவது வேடிக்கைதான். அச்சொல்லின் முதலில் நிற்கும் 'தே' என்பதே தென்சீனக் கரையோரத்துப் பூக்கியன் மக்களின் பேச்சிலிருந்து கப்பலேறி வந்ததாகும்.

தேநீர் மாந்தருள் முதல்வராகப் போற்றப்படுபவர் லூ யூ. எட்டாம் நூற்றாண்டில், தாங் அரசர் காலத்தில் வாழ்ந்தவர். ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த குழந்தையைப் பௌத்த துறவி ஒருவர் எடுத்து வளர்த்தார் என்பர். தாம் அழகற்றவர், திக்குவாயர் என்று லூ யூவே தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். மடத்தில் மாடு மேய்க்க விடப்பட்டபோது, எழுதத் தாளின்றி, மாட்டின் முதுகிலே மூங்கிற்குச்சியால் எழுதிப் பழகினாராம். பின்னர் மடத்தை விட்டோடிக் கூத்தாடிகளோடு சேர்ந்து கோமாளி வேடமும் கட்டினார்.

755ஆம் ஆண்டிலே சீனாவிற் பெருங்கலகம் மூண்டது. வடக்கேயிருந்து மக்கள் திரள்திரளாக யாங்சி ஆற்றைக் கடந்து தெற்கே ஓடினர். லூ யூவும் அவர்களுள் ஒருவர். அவ்வாறு வந்து தங்கிய ஊரிலிருந்துதான் தேயிலை பற்றிய உலகின் முதற் பெருநூலாகிய 'சா ஜிங்' என்பதை எழுதினார். 1995இன் இடப்பெயர்வைக் கண்ட நமக்கு இச்செய்தியின் பொருள் விளங்காமற் போகாது. ஊரிழந்த ஒருவர், ஓர் இலையைப் பற்றிப் பத்து அதிகாரங்களில் அமைதியாக எழுதினார்.

அந்நூல் சிறியது. மூன்று பாகங்களுள் அடங்குவது. ஆனால் அதன் நுணுக்கம் பெரிது. மழை நாளில் கொழுந்து கிள்ளாதே என்கிறது. மழையின்றி மேகம் மூடிய நாளிலும் வேண்டாம் என்கிறது. வெங்காயத்தாள், இஞ்சி, தோடம்பழத்தோல் முதலியவற்றை இட்டுக் காய்ச்சும் அக்கால வழக்கத்தை அவர் வெறுத்தார். அது சாக்கடையிற் கொட்டும் நீர் என்றார். சிறிது உப்பை மட்டும் அனுமதித்தார். நம்மூர் இஞ்சித் தேத்தண்ணிக்கு அவரிடம் புள்ளி கிடைத்திராது. கிண்ணங்களையும் தரம் பிரித்தார். வெள்ளைக் கிண்ணத்திலும் பார்க்கப் பச்சை மெருகிட்ட கிண்ணமே சிறந்தது, அதுவே தேநீரின் நிறத்தைப் பொலியச் செய்யும் என்பது அவர் முடிபு.

நேயர்களே, இந்நூலில் என் மனத்தை மிகவும் தொட்ட இடம் கருவிகளைச் சொல்லும் இரண்டாம் அதிகாரமாகும். அங்கே முதலில் வருவது கிண்ணமுமன்று, கேத்திலுமன்று. மூங்கிலாற் பின்னிய கூடை. அதைச் சுமந்து கொழுந்து பறிப்பவரை லூ யூ எந்தச் சொல்லாற் குறிக்கிறார் தெரியுமா? 'சா ரென்' என்றே குறிக்கிறார். பிற்காலத்தில் சுவைஞர்க்கும் கலைஞர்க்கும் பட்டமாகிவிட்ட அச்சொல், மூலநூலிலே கூடை சுமந்தவருக்கு உரியதாயிருந்தது.

இவ்விடத்தில் நம் நாட்டின் மலைகள் நினைவுக்கு வராமற் போகா. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொத்லாந்துக்காரர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892இல் இறக்கும்வரை அந்தத் தோட்டமே அவர் உலகமாயிருந்தது. அவர் பெயரை வரலாறு வைத்திருக்கிறது. கூடை சுமந்த தமிழ்ப் பெண்களின் பெயரை வைத்திருக்கவில்லை. அக்குறையை இலக்கியம் ஓரளவு தீர்க்க முயன்றது. 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து முதலாவது நாடாளுமன்றத்துக்குத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை, தேயிலைத் தோட்டத்து வாழ்வை ஆங்கிலத்திற் கவிதையாக்கினார். சக்தீ பாலையா அதனைத் தமிழாக்கினார். யாழ்ப்பாணத்தவரான வைத்தியர் நந்தி 'மலைக்கொழுந்து' நாவலை எழுதினார். 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்ட மக்களை, கூடை சுமந்த அந்தத் தேநீர் மாந்தரை, இவ்வெழுத்துக்களே நமக்கு அறிமுகஞ் செய்தன.

பறிப்பவரைப் பார்த்தோம். இனிப் பருகும் இடத்துக்கு வருவோம்.

யப்பானிலே தேநீர்ச் சடங்கை நிலைநிறுத்திய சென் நோ ரிக்கியு 1591இல் மறைந்தவர். அவருடைய தேநீர்க் குடிலின் வாசல் ஏறத்தாழ இரண்டடிச் சதுரம். எவராயினும் குனிந்து, தவழ்ந்தே உள்ளே புகவேண்டும். போர்வீரர் வாளை வெளியே வைத்துவிட்டு வரவேண்டும். உள்ளே பிரபுவென்றும் வணிகனென்றும் வேறுபாடில்லை. தேநீர் அருந்தும் இடத்திலே மனிதர் சமமானவர் என்பதை அவர் ஒரு வாசலால் உணர்த்தினார்.

நம் யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடை வாசல் எப்படியிருந்தது? எனக்கு முந்திய தலைமுறையினர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே வந்து வாங்கில் அமர முடியாது. மற்றவர்க்குக் கண்ணாடிக் கிளாஸ்; அவர்க்குத் தகரப்பேணியோ போத்தலோ சிரட்டையோ. லூ யூ தேநீரின் நிறம் பார்த்துக் கிண்ணம் தேர்ந்தார். நாம் ஆளின் சாதி பார்த்துப் பேணி தேர்ந்தோம்.

1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது, வழக்கமோ மாறவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி, தீண்டாமைக்கெதிரான ஊர்வலம் புறப்பட்டது. அதன் பின்னரான ஆண்டுகளிற் சங்கானை முதலிய பல இடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடந்தன. அடிபட்டனர், சிறை சென்றனர், சிலர் உயிரையே இழந்தனர். ஒரு கிளாஸ் தேநீர் அன்று சில சதம் பெறும். அந்தச் சில சதத்துக்காக எவரும் உயிர் கொடுப்பதில்லை. எல்லோரும் குடிக்கும் கிளாஸில், எல்லோரும் அமரும் வாங்கில் அமர்ந்து குடிப்பதற்காகக் கொடுத்தனர். மட்டக்களப்புக் கவிஞர் சுபத்திரன் சங்கானையை வணங்கிக் கவிதை பாடினார். கே. டானியலின் 'பஞ்சமர்' நாவல் அக்காலத்தை நம் முன் நிறுத்துகிறது. தேநீருக்காக வாழ்நாளைக் கொடுத்தோர் சீனாவிலும் யப்பானிலும் மட்டுமே இருந்தனர் என்று இனி எவரும் சொல்லற்க. நம் ஊர்த் தெருக்களிலும் தேநீர் மாந்தர் இருந்தனர்.

இன்று நம் கடைகளில் அத்தகரப்பேணி இல்லை. ஆனால், வேலைக்கு வந்தவருக்கென்று அடுக்களையில் வேறு குவளை எடுத்துவைக்கும் கை நம் வீடுகளிலிருந்து முற்றாக மறைந்துவிட்டதா? இக்கேள்வியை அவரவர் வீட்டிலே கேட்டுக்கொள்ளலாம்.

நிறைவாக ஒன்று. நீரைப் பற்றிச் சொல்கையில், மலைநீர் தலையாயது, ஆற்றுநீர் இடையாயது, கிணற்றுநீர் கடையாயது என்றார் லூ யூ. மலையுமில்லை, வழுக்கியாறும் மாரியில் மட்டுமே ஓடும். குடாநாட்டவராகிய நமக்குக் கடையாய நீரே வாய்த்தது. ஆயினும் அவர் நமக்கும் ஒரு வழி விட்டுச் சென்றிருக்கிறார்: கிணற்றில் எடுப்பதானால், பலர் அள்ளும் கிணற்றில் எடு என்கிறார். அள்ள அள்ளத்தானே நீர் தெளியும்! பலரை அள்ள விடாது காத்த கிணறுகள் நம் ஊரில் எத்தனை என்பதை டானியலின் 'தண்ணீர்' நாவலைப் படித்தோர் அறிவர். நல்ல தேநீர் வேண்டுமென்றால், கிணற்றடியை எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும் என்பதே ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய அந்தச் சீனரின் வாக்கில் நான் காணும் பொருள்.