மித்ராஸ் கோயிலும் ஒரு மூட்டை சிமெண்ட்டும்

இன்னைக்கு எபிசோடை ஒரு திருத்தத்தோட ஆரம்பிக்கிறேன்.

போன டிசம்பர்ல, 'டிசம்பர் 25 ரோமானியக் கடவுள் மித்ராஸோட பிறந்தநாள்'னு இங்கே அடிச்சுச் சொன்னேன். ஒரு நேயர், "இதுக்கு ஆதாரம் என்ன?"ன்னு கேட்டிருந்தார். அரை மணி நேரத்துல பதில் போட்டுடலாம்னு நினைச்சேன். ஒரு வாரம் தேடியும் கிடைக்கலை. கி.பி. 354-ஆம் ஆண்டு ரோமானிய நாட்காட்டியில அந்தத் தேதிக்கு நேரா 'வெல்லப்படாதவரின் பிறந்தநாள், 30 தேர்ப்பந்தயங்கள்'னுதான் இருக்கு. அது சோல் என்ற சூரியக் கடவுளைக் குறிக்குதுன்னுதான் பொதுவா எடுத்துக்கறாங்க. மித்ராஸுக்கும் அதே பட்டம் உண்டு, ஆனா அவர் பேர் அங்கே இல்லை.

மித்ராஸ் வழிபாடு ஒரு ரகசிய வழிபாடு. தீட்சை வாங்கினவங்க மட்டும்தான் உள்ளே போகலாம். அவங்களோட வேதநூல்னு எதுவும் நமக்குக் கிடைக்கலை. மிஞ்சினது குகை மாதிரி இருட்டான சின்னக் கோயில்கள், கல்வெட்டுகள், மித்ராஸ் ஒரு காளையைக் கொல்ற சிற்பங்கள். பிரிட்டன்ல இருந்து சிரியா வரைக்கும் அதே காட்சி: நாய், பாம்பு, தேள் எல்லாம் சுத்தி நிக்கும். அந்தக் கொலைக்கு என்ன அர்த்தம்னு அறிஞர்கள் இன்னும் வாதாடறாங்க.

அதனால ஆய்வாளர்கள் குப்பையையும் படிக்கிறாங்க. பெல்ஜியத்துல தீனன்ங்கிற ஊர்ல, மித்ராஸ் கோயில் பக்கத்துக் குழியில நூத்துக்கணக்கான கோழிகளோட எலும்பு கிடைச்சது. சின்ன அறையில நடந்த ரகசியக் கூட்டம்னு நினைச்ச இடத்துல, ஒரு பெரிய விருந்தே நடந்திருக்கு!

ஆனா தொல்லியல்லயும் தப்பு நடக்கும். 1954-ல லண்டன்ல ஒரு கட்டடத்துக்கு நிலம் தோண்டினப்போ, லண்டன் அருங்காட்சியக இயக்குநர் டபிள்யூ. எஃப். கிரைம்ஸ் குழு ஒரு கோயிலைக் கண்டுபிடிச்சது. அகழாய்வோட கடைசி நாள்னு வெச்சிருந்த செப்டம்பர் 18-ல மித்ராஸோட பளிங்குத் தலை வெளியே வந்தது. உடனே அதைப் பார்க்க லட்சக்கணக்கான ஜனங்க வரிசையில நின்னாங்க. அப்புறம் கோயிலைப் பெயர்த்து, 1962-ல வேற இடத்துல, தெரு மட்டத்துல திரும்பக் கட்டினாங்க. சிமெண்ட் பூசி, தரைக்குக் கல் பாவி! கோயில் நிஜத்துல பாதி பூமிக்குள்ள, இருட்டா இருந்த இடம்.

அதைச் சரிபண்ண அரை நூற்றாண்டுக்கு மேல ஆச்சு. சிமெண்ட்டை உரிச்சு, பழைய அகழாய்வுக் குறிப்புகளையும் படங்களையும் பார்த்து, அன்னைக்கு வரிசையில நின்னவங்களோட நினைவுகளையும் சேகரிச்சாங்க. 2017-ல கிட்டத்தட்ட பழைய இடத்துலயே, தெருவுக்கு ஏழு மீட்டர் கீழே, கோயில் திரும்பத் திறந்தது.

அந்த 1962 படங்களைப் பார்த்து முதல்ல நான் சிரிச்சேன். அப்புறம் என்னோட டிசம்பர் எபிசோடு ஞாபகம் வந்தது. தெரியாத இடத்துல நானும் சிமெண்ட்டைத்தான் பூசியிருந்தேன். கேட்க நல்லா இருந்ததால யாரும் தட்டிப் பார்க்கலை, அந்த ஒரு நேயரைத் தவிர. அவருக்கு நன்றி. பழைய எபிசோடை அழிக்கலை. அதுக்கு மேலேயே திருத்தத்தைப் போட்டிருக்கேன்.

இன்னைக்குச் சொன்னதுலயும் சந்தேகம் இருந்தா எழுதுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.