திராட்சைத் தோட்டத்துக்காரர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சற்றே திருத்தி எழுதப்பட்டது.)



"தொழிலில் வெற்றி பெறுவது எப்படி" என்று பேசச் சொன்னார்கள். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் அதைத்தான் பேசினார்கள். நான் விளையாட்டைப் பற்றிப் பேசுகிறேன். கிரிக்கெட் இல்லை, கம்ப்யூட்டர் கேம். முப்பத்தைந்து வயதில், கல்யாணமான எஞ்சினியர் பேசுகிற பேச்சா இது என்று பின் வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். நம் ஹாஸ்டலில் மூன்று கம்ப்யூட்டரை ஒயரால் இணைத்து, செமஸ்டர் பரீட்சைக்கு முதல் நாள் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' ஆடியவர் அவர்தான். கரண்ட் போன அன்றைக்கு மட்டும் படித்தோம். அந்த வருடங்களில் கரண்ட் அடிக்கடி போனதால்தான் பாஸ் பண்ணினோம்.

விஷயத்துக்கு வருகிறேன். 'தி விட்சர் 3' என்று ஒரு விளையாட்டு, 2015 மே மாதம் வந்தது. போலந்து எழுத்தாளர் அன்ஜெய் சப்கோவ்ஸ்கியின் கதைகளை வைத்து, வார்சாவில் உள்ள சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனத்தார் செய்தது. கெரால்ட் என்று நரைமுடிக்காரன் ஒருவன். ஊர் ஊராகப் போய், கூலி பேசி, பேய் பிசாசு பூதங்களை ஒழிப்பது அவன் தொழில். நாம்தான் அவன். இந்தக் கதை முடிந்த பிறகு இரண்டு கூடுதல் பகுதிகள் விட்டார்கள். 2015 அக்டோபரில் 'ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்', 2016 மே கடைசியில் 'பிளட் அண்ட் ஒயின்'. இரண்டாம் பாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அதே வீட்டுக்கு மாடி எடுத்துக் கட்டுவது மாதிரி. அந்த இரண்டாவது மாடி, வீட்டைவிட நன்றாக அமைந்துவிட்டது. 2016ஆம் வருடத்தின் சிறந்த ரோல்பிளேயிங் விளையாட்டு என்று தி கேம் அவார்ட்ஸ் பரிசை அந்தக் கூடுதல் பகுதிக்கே கொடுத்தார்கள்.

நான் அதை ஆடியது 2020இல். ஊரடங்கு வந்ததும் சென்னையிலிருந்து திருத்தங்கல் வந்து சேர்ந்தேன். பகலில் ஆபீஸ் வேலை, ராத்திரி விளையாட்டு. பட்டாசு ஆலைகளும் மூடியிருந்ததால் அப்பாவும் வீட்டில் இருந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே பாதிப் பேருக்கு விளக்கம் தேவையிருக்காது, உங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்திருப்பார். முப்பது வருடத்துக்கு மேல் பட்டாசு வேலை. பாதி நாள் மருந்து கலக்கும் ரூமில், மீதி போர்மேனாக. அலுமினியப் பவுடர் ஏறி ஏறி நகக்கண் எல்லாம் வெள்ளி நிறம். இடது முழங்கையில் தீக்காயத் தழும்பு. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு ஆலையில் நடந்தது. அதைப் பற்றி வீட்டில் பேச மாட்டோம். இந்தக் கல்லூரியில் எனக்குக் கட்டிய ஒவ்வொரு செமஸ்டர் பீஸும் அந்தக் கையிலிருந்து வந்தது.

2020இல் அவருக்கு 58 முடிந்தது. "போதும், இனிமே போகாதீகன்னு நீ ஒரு வார்த்தை சொல்லுய்யா, நீ சொன்னாத்தான் கேப்பாக" என்று அம்மா தினமும் என்னிடம் சொல்லுவார். எனக்கு வாய் வரவில்லை. அந்த வேலையில் சம்பாதித்த காசில் படித்துவிட்டு, அந்த வேலைக்கே போகாதே என்று எந்த முகத்தோடு சொல்வது?

முதல் கூடுதல் பகுதியை நான் தனியாகத்தான் முடித்தேன். அதில் ஓல்கியர்ட் என்று ஒரு பிரபு. நொடித்துப்போன நிலையில் ஒரு மாயக்காரனிடம் ஒப்பந்தம் போடுகிறான். செல்வமும் சாகாத உடம்பும் கிடைக்கின்றன. விலை, அவன் நேசிக்கும் ஒருவரின் உயிர். பிறகு மனசும் கல்லாகிப் போகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாயக்காரனை விளையாட்டின் ஆரம்பத்திலேயே, முதல் ஊர்ச் சாராயக்கடையில் சாதாரண ஆளாகப் பார்த்திருப்போம். நமக்கு வழி சொல்லி உதவிசெய்துவிட்டுப் போனவன். அவன் யாரென்று தெரிந்ததும் எனக்கு முதுகு சிலிர்த்தது. அன்றைக்கு ராத்திரி அந்த ஒப்பந்தத்தை நினைத்துக்கொண்டு ரொம்ப நேரம் தூங்கவில்லை.

அப்பாவை உள்ளே இழுத்தது வெடி. கெரால்ட் வெடியுப்பை வைத்து வெடிகுண்டு செய்வான். அந்தப் பக்கமாகப் போனவர் நின்றுவிட்டார். "வெடியுப்பா? எங்கய்யா வச்சிருக்கான்?" பையில் என்றேன். "அதே பையில கத்தி, இரும்புச் சாமானும் இருக்குல்ல? உரசுனா என்ன ஆகும்?" நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். ஒருமுறை செய்த குண்டு தீர்ந்துபோனால், ஒரு பாட்டில் சாராயத்தோடு தியானத்தில் உட்கார்ந்து எழுந்தால் போதும், பழையபடி நிறைந்துவிடும் என்று சொன்னேன். அவர் சிரித்த சிரிப்புக்கு அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தார். "நாங்க மிச்ச மருந்த ராத்திரி ரூம்ல வைக்கவே பயப்படுவோம். இவன் சரக்க ஊத்தியே சரக்கு பண்றானே!"

அதிலிருந்து இரண்டாவது பகுதி முழுவதும் மூன்று பேருமாகப் பார்த்தோம். தூசான் என்ற நாடு, வெயிலும் திராட்சைத் தோட்டமுமாக இருக்கும். எங்கள் கரிசல் காட்டு வெயில் வேறு, அது வேறு. அங்கே ஒரு பாழடைந்த வீட்டில் பேயுருவான பெண் ஒருத்தி கரண்டியாகச் சேர்த்துவைத்துக்கொண்டு தவிக்கிறாள். பசி, ஆனால் அடங்காது. ஒரு காலத்தில் பசித்து வந்த பிச்சைக்காரனுக்குச் சோறு இல்லை என்று விரட்டியவள், அவன் விட்ட சாபம். அவளை வெட்டியும் போடலாம், காப்பாற்றியும் விடலாம். காப்பாற்ற வேண்டுமென்றால் அவளோடு ஒரே மேஜையில், கரண்டி இல்லாமல் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நான் யோசிக்கும் முன்னாலேயே அம்மா சொல்லிவிட்டார்: "கூட உக்காந்து சாப்பிடுய்யா. பசிச்சவள வெட்டுவாகளா?" சாபம் தீர்ந்தது. நான் தனியாக ஆடியிருந்தால் கத்தியைத்தான் எடுத்திருப்பேன்.

இன்னொரு இடம், பேங்க். கெரால்டுக்குப் பணம் வந்திருக்கிறது, ஆனால் பேங்க் கணக்குப்படி அவன் இறந்துவிட்டான். இந்த ஜன்னலுக்குப் போ, அந்தப் படிவம் வாங்கி வா, இப்போது சாப்பாட்டு நேரம் என்று பூதம் கொல்பவனையே அலைய விடுகிறார்கள். என் பெரியப்பா பி.எஃப். பென்சன்காரர். வருடா வருடம் உயிரோடு இருப்பதாகச் சான்று கொடுக்க வேண்டும். மருந்து தின்ற விரலில் ரேகை மெஷினில் விழாது. நாலு தடவை துடைத்துத் துடைத்து வைப்பார். "அந்த ஊர்லயும் இதே கதைதானா!" என்று அப்பாவுக்கு அவ்வளவு திருப்தி.

அப்புறம் அந்த வீடு. வேலைக்குக் கூலியாகக் கெரால்டுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் பழைய வீடும் கிடைக்கின்றன. வீட்டைப் பழுது பார்த்த பிறகு காசு போட்டு ஒவ்வொன்றாகச் சேர்க்கலாம், குதிரை லாயம், மூலிகைத் தோட்டம் என்று. எதை முதலில் என்று கேட்டேன். "தோட்டம். ஆளுக்கு வேலை வேணும்ல, சும்மா உக்காந்தா செத்துருவான்." கதை முடிந்தது. கெரால்ட் வீட்டு வாசலில் நிற்கிறான். அப்பா கேட்டார்: "இனிமே அவன் வேலைக்குப் போக வேண்டாமா?" போகலாம், பாக்கி வேலை இன்னும் வரைபடத்தில் கிடக்கிறது, நாம் அனுப்பினால் போவான் என்றேன். கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "போயிருவான்" என்று சொல்லிவிட்டு எழுந்து படுக்கப் போனார்.

அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. ஆலைகள் மறுபடி திறந்ததும் முதலாளி கூப்பிட்டார், அப்பா போனார். அந்தத் தீபாவளி சீசன் முழுக்கப் போனார். நான் சென்னைக்குத் திரும்பிவிட்டேன். தினமும் சாயந்திரம் போன் பண்ணி, "வந்துட்டாகளா?" என்று மட்டும் கேட்பேன்.

2021 பிப்ரவரி 12, சாத்தூர் பக்கம் அச்சன்குளம் வெடிவிபத்து. பல உயிர் போனது. அப்பா வேலை பார்த்த ஆலை அது இல்லை. ஆனால் செய்தி வந்த அரை மணி நேரம் எனக்கு அது தெரியாது. எட்டு தடவை போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஒன்பதாவது தடவை எடுத்தார். "அப்பா, போதும்ப்பா. இனிமே போகாதீங்க" என்றேன். அழுதேன் என்றும் சொல்ல வேண்டும், இங்கே எல்லாரும் தெரிந்தவர்கள்தானே. அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிய்யா. அப்ப தோட்டம் போடணும்ல" என்றார்.

வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் இடம்தான். கத்தரி, வெண்டை, ஒரு முருங்கை. உப்புத் தண்ணீர், பாதி கருகிப் போகிறது. பழைய ஆலைக்கும் எப்போதாவது போவார், புது ஆட்களுக்கு மருந்து ரூமில் என்ன செய்யக் கூடாது என்று சொல்லிக் கொடுக்க. அம்மா இதற்கும் முணுமுணுப்பார். என்னாலும் முழு மனதாகச் சரி என்று சொல்ல முடியவில்லை.

அந்த விளையாட்டில் இன்னும் நிறைய இடம் நான் பார்க்கவில்லை. வரைபடம் முழுக்கக் கேள்விக்குறி. பின் வரிசை நண்பர் அதற்கும் திட்டுவார். ஆனால் 2020க்குப் பிறகு கெரால்டை நான் எந்த வேலைக்கும் அனுப்பவில்லை. போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பா கேட்டார்: "அந்தத் திராட்சைத் தோட்டத்துக்காரரு எப்படி இருக்காரு?" லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். வாசலில் அப்படியே நின்றுகொண்டிருந்தான். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்துவிட்டு, மூலிகையெல்லாம் பறிக்காமல் கிடக்கிறதே, பறிக்கச் சொல் என்றார். பறித்தோம்.