28 எழுத்து வார்த்தை



"ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்" என்று ஓர் இங்கிலீஷ் வார்த்தை இருக்கிறது. இங்கிலீஷில் 28 எழுத்து. ஏதோ புரோகிதர் மந்திரமென்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. "எஸ்டாப்ளிஷ்" என்றால் நிலைநாட்டுவது. அதாவது ஒரு மதச் சபையைச் சர்க்கார் சபையாக்கி வைப்பது. முன்னால் "டிஸ்" சேர்ந்தால் அந்தக் கட்டை அவிழ்ப்பது. அதற்கும் முன்னால் "ஆன்டி" வந்தால், அவிழ்க்காதே என்று மறிப்பது. பாதிரிக்குப் படி அளப்பவன் யார் என்பதுதான் இதிலுள்ள விஷயமெல்லாம்.

அயர்லாந்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலோர் கத்தோலிக்கர். சர்க்கார் சபையோ புராட்டஸ்டண்டுகளுடையது. 1861ஆம் வருஷக் கணக்குப்படி அதைச் சேர்ந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 12 பேர்தான். அப்படியிருந்தும் கத்தோலிக்கக் குடியானவன், தான் கால் வைக்காத கோயிலின் பாதிரிக்குத் தசமபாகம் அழவேண்டியிருந்தது. அழாவிட்டால் மாடு ஜப்தி! 1830க்குப் பிறகு, கொடுக்க முடியாதென்று குடியானவர்கள் கிளம்ப, போலீசும் பட்டாளமும் வந்து உயிர்ச்சேதமும் ஆயிற்று. 1838ல் ஒரு சட்டம் செய்து, அந்த வரியைக் கொஞ்சம் குறைத்து நிலச்சுவான்தார் தலையில் வைத்தார்கள். அவர் சும்மா இருப்பாரா? குத்தகையோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்.

அதே 1838ல் கிளாட்ஸ்டன் என்பவர், சர்க்கார் ஒரு சபையை ஆதரித்தே தீரவேண்டுமென்று புத்தகம் எழுதினார். பின்னால் அவரே பிரதம மந்திரியாகி, 1869ல் சட்டம் செய்து, 1871 ஜனவரி 1 முதல் அயர்லாந்து சபையைச் சர்க்காரிலிருந்து பிரித்துவிட்டார். தான் எழுதியதைத் தானே மாற்றிக்கொள்ள ஒரு மனிதனுக்குத் தைரியம் வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். கடவுள் சொத்தைக் கொள்ளையடிக்கிறார்களென்று எதிரிகள் கூவினார்கள். அந்தச் சபை அழிந்தா போயிற்று? இன்றும் இருக்கிறது, அதை நம்புகிறவர்கள் காசில்! வேல்ஸ் நாட்டுக்கு 1914ல் சட்டமாகி, யுத்தத்தால் தள்ளிப்போய், 1920ல் அமுலுக்கு வந்தது.

இவ்வளவு சண்டையிலும் அந்த நீண்ட வார்த்தையைப் பேச்சில் உபயோகித்தவர் அபூர்வம். நீளத்துக்காகவே அது பேர் வாங்கிற்று. 1955ல் அமெரிக்காவில் ஒரு டெலிவிஷன் போட்டியில், 12 வயதுக் கறுப்பினச் சிறுமி ஒருத்தி அதைப் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டினாள். படிப்பு இன்ன ஜாதிக்குத்தான் வருமென்பவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

இங்கிலாந்தில் மட்டும் முடிச்சு இன்னும் அவிழவில்லை. அரசரே சபைக்குத் தலைவர். பிரபுக்கள் சபையில் 26 பிஷப்புகள், யாரிடமும் ஓட்டுக் கேட்காமலே உட்கார்ந்திருக்கிறார்கள்.